தபால்தலை அளவில் ஒரு கேட்

சின்னதாக்கினால் கேட் கீப்பர் காணாமல் போய்விடுகிறார். பெரிதாக வைத்துப் பார்க்கும்போது நன்றாகத்தான் இருக்கிறார், காக்கிச் சட்டை, கக்கத்தில் சுருட்டி வைத்த பச்சைக் கொடி, இடது காலைச் சற்றே தளர்த்தி நிற்கிற அந்த நிலை, அதை வரையவே எனக்கு ஒரு மழைக்காலம் ஆயிற்று, திரை முழுக்க விரித்தால் மேல்பித்தானில் நூல் பிரிந்திருப்பதுகூடத் தெரியும். ஆனால் கடையில் யாரும் திரை முழுக்க விரித்துப் பார்க்கப் போவதில்லை. கடை என்றால் ஷட்டரைத் தூக்கி வாசலில் தண்ணீர் தெளிக்கிற கடை இல்லை, உலகத்தில் உள்ளவர்கள் எல்லாம் வீடியோ கேம் வாங்குகிற இணையக் கடை, அங்கே ஒவ்வொரு கேமுக்கும் ஒரு அட்டைப்படம், தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிது, வரிசை வரிசையாக, கட்டைவிரல் அவற்றைத் தள்ளிக்கொண்டே போகும், அந்த விரல் என் படத்துக்கு மேல் வந்ததும் ஒரு மூச்சு நேரம் நிற்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது. காலையில் ஜெரால்டு போன் செய்தார், பெங்களூரில் இருக்கிறார், ஊர் மெட்ராஸ், என்னைப்போலத் தனியாக உட்கார்ந்து கேம் செய்கிறவர்களின் சரக்கைக் கடையில் ஏற்றி நாலு பேர் கண்ணில் படவைப்பது அவர் தொழில். “மேடம், படம் சூப்பர். ஃபிரேம் போட்டு ஹால்ல மாட்டலாம். ஆனா கடையில ஓடாது. மூஞ்சி எங்க மேடம்? ஜனங்க மூஞ்சியத்தான் பாப்பாங்க. பெருசா ஒரு மூஞ்சி, பளிச்சுன்னு ஒரு கலரு, பேரு தடியா, முடிஞ்சுபோச்சு” என்றார். யாருடைய மூஞ்சி என்று கேட்டேன். “ஏன், கேட் கீப்பருக்கு மூஞ்சி இல்லியா?” இருக்கிறது, ஆனால் அவர் ரயிலைப் பார்த்துப் பக்கவாட்டில் திரும்பி நிற்கிறார். “இந்தப் பக்கம் திரும்பச் சொல்லுங்க மேடம், நீங்க வரைஞ்ச ஆளுதானே?” ரயில் போகும்போது கேட் கீப்பர் ரயிலைத்தான் பார்த்து நிற்க வேண்டும், கடைசிப் பெட்டியில் வருகிற கார்டுக்குக் கொடி காட்ட வேண்டும், ஜனங்களைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றால் வேலை போய்விடும் என்று நான் சொன்னேன். “சரி மேடம், அவர் வேலைய நாம கெடுக்க வேணாம். சாயங்காலத்துக்குள்ள ஏதோ ஒரு மூஞ்சி அனுப்புங்க. இத விட்டா அடுத்த வருஷம்தான்” என்று வைத்துவிட்டார். தனி ஆட்கள் செய்த கேம்களுக்கென்று கடையில் ஒரு வாரம் திருவிழா மாதிரி நடத்துவார்கள், அதில் சேர இன்றைக்குத்தான் கடைசி. மறுபடி சின்னதாக்குகிறேன். காக்கி, தண்டவாளத்துக் கருங்கல்லோடு போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஒரு மனிதர் நின்ற இடத்தில் ஒரு கறை இருக்கிறது.

கேம் ஒன்றும் பிரமாதமில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும், துப்பாக்கி கிடையாது, பூதம் கிடையாது. நீங்கள் ஒரு லெவல் கிராசிங்கில் கேட் கீப்பர். மணி அடித்ததும் கேட்டை இறக்குகிறீர்கள். இரண்டு பக்கமும் வண்டிகள் வந்து நிற்கின்றன. நம் ஊரில் எப்படி நிற்பார்கள் என்று தெரியுமே, தன் பாதி ரோட்டில் நிற்கமாட்டார்கள், இந்தப் பக்கமும் ரோடு முழுக்க, அந்தப் பக்கமும் ரோடு முழுக்க, ரயில் போய்க் கேட் தூக்கினால் இரண்டு படைகள் நேருக்கு நேர், யாரும் நகர முடியாது. அந்தச் சிக்கலை எடுப்பதுதான் ஆட்டம். ஆட்டோவைக் கொஞ்சம் பின்னே எடுக்கச் சொல்லி, பால் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, கோபப்படுகிறவரிடம் ஊர்க்கதை பேசி. கேட் மூடியிருக்கிற நேரத்தில் ஆட்கள் வந்து உங்களோடு பேசுவார்கள், அந்தப் பேச்சு எல்லாம் என் சிநேகிதி ஃபௌசியா எழுதியது. படம் நான், பேச்சு அவள். அதில் மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒரு பெண் வருவாள், தினமும் வருவாள், வண்டியை அணைத்துவிட்டுக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு ஒரே கேள்விதான் கேட்பாள், “அந்தப் பக்கம் ஒருத்தங்க நிப்பாங்களே, இன்னிக்கு வந்துட்டாங்களா?” கேட் கீப்பர் எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னும் வரலம்மா” என்பார். ஒவ்வொரு நாளும் அதே கேள்வி, அதே பதில். முன்னோட்டமாக விளையாடிப் பார்த்தவர்கள் எல்லாம் யார் வரணும், எப்ப வருவாங்க என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது. ஃபௌசியா அந்த இடத்தில் நிறுத்திவிட்டு ஊரைவிட்டுப் போய்விட்டாள். வாழ்க்கையில் காத்திருப்பு என்று ஏதோ பெரிய விஷயம் சொல்ல வந்திருக்கிறாள் என்று நானாக நினைத்துக்கொண்டு அப்படியே விட்டுவிட்டேன்.

மஞ்சள் ஹெல்மெட் அவளுடையதுதான். எங்கள் சிநேகிதமே ஒரு கேட்டில் ஆரம்பித்தது, இப்போது அங்கே மேம்பாலம் வந்துவிட்டது, கேட்டை நிரந்தரமாக மூடிச் சுவர் எழுப்பிவிட்டார்கள். நான் அப்போது ஒரு அனிமேஷன் கம்பெனியில் பின்னணிப் படங்கள் வரைந்துகொண்டிருந்தேன், யாரோ ஓடுவதற்கும் சண்டை போடுவதற்கும் நான் மரமும் மேகமும் வரைந்து கொடுப்பேன். காலையில் நான் ஊருக்கு வெளியே போகிறவள், அவள் ஊருக்குள் வருகிறவள், ஆகவே தினமும் கேட்டின் இரண்டு பக்கமும் நாங்கள், எதிரெதிரே. எனக்குத் தெரிந்தது மஞ்சள் ஹெல்மெட், அதன் கண்ணாடி உடைந்து கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியது. ஒரு மழை நாளில் கேட் தூக்கியதும் என் முன்சக்கரமும் அவள் முன்சக்கரமும் முட்டிக்கொண்டு நின்றன, சுற்றிலும் ஹாரன், அவள் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, “நீங்க போனாத்தான் நான் போக முடியும், நான் போனாத்தான் நீங்க போக முடியும். பேசாம வண்டிய நிறுத்திட்டு ஒரு டீ சாப்பிடலாமா?” என்றாள். கேட்டை ஒட்டி ஒரு பேக்கரி இருந்தது. அன்று இரண்டு பேரும் வேலைக்கு லேட். அப்புறம் சாயங்காலங்களில் அதே பேக்கரி, பப்ஸ், டீ, கேமுக்கான பேச்சை அவள் போனில் தட்டிக்கொண்டே இருப்பாள். பகலெல்லாம் ஏதோ ஒரு டெலிவரி கம்பெனிக்காக, உணவு வரவில்லை என்று திட்டுகிறவர்களுக்குப் பதில் எழுதுகிற வேலை அவளுக்கு, மனிதர்கள் கோபத்தில் எப்படிப் பேசுவார்கள் என்று அவளுக்கு அத்துபடி. பிறகு கல்யாணம், மஸ்கட், ஒரு குழந்தை. சண்டை எதுவும் இல்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானம் ஆகியிருக்கலாம், அதற்கு வழியுமில்லை. தினம் பேசியது வாரம் ஆகி, வாரம் பண்டிகைக்குப் பண்டிகை ஆகி, கடைசியில் அவள் அனுப்பிய செய்தி, அப்புறம் கூப்பிடறேன்டி. அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. ஆனால் அவள் வெள்ளிக்கிழமை தோறும் அந்த இணையக் கடையை மேய்வாள் என்று எனக்குத் தெரியும், மஸ்கட்டில் அன்றைக்கு லீவு, போன புதிதில் சொல்லியிருக்கிறாள், “பேரெல்லாம் யாருடி படிக்கறா? படம் கையப் புடிச்சு நிறுத்தணும், இல்லாட்டிப் போயிட்டே இருப்பேன்.” அவள் விரலை நிறுத்த வேண்டும். மற்றவர்கள் நின்றால் சந்தோஷம், ஆனால் நான் இந்த நாற்காலியில் காலையிலிருந்து முதுகு வலிக்க உட்கார்ந்திருப்பது அந்த ஒரு விரலுக்காக. ஒரு செய்தி அனுப்பி, கேம் வருது பாரு என்று சொல்லலாமே என்றால், சொல்லலாம். தட்டச்சு செய்திருக்கிறேன், அழித்திருக்கிறேன். அனுப்பினால் அவள் ஒரு கட்டைவிரல் படத்தைத் திருப்பி அனுப்புவாள், சூப்பர்டி என்பாள், அதோடு முடிந்துவிடும். கூப்பிட்டு வருவது வேறு. நான் கூப்பிடாமல் அவளாக நிற்க வேண்டும். இது அசட்டுத்தனம் என்று எனக்குத் தெரிகிறது, தெரிந்து என்ன செய்ய.

“சுகிர்தா, கண்ணு, சாப்ட்டியா?” கீழேயிருந்து சரோஜினி அக்கா. வீட்டுக்காரம்மா, மாடிப்படியில் நின்று கத்தினால்தான் அவருக்குப் பேசிய மாதிரி இருக்கும். சாப்பிட்டேன் அக்கா என்று கத்துகிறேன், சாப்பிடவில்லை. “தண்ணி வந்துருச்சு, மோட்டார் போடறேன். மேல ட்யாங்கு ரொம்புனா ஒரு சத்தம் குடு.” சரிங்க அக்கா. காலையிலிருந்து என் வாயிலிருந்து வந்த பேச்சு ஜெரால்டோடும் அக்காவோடும் மட்டும்தான், குரல் கரகரக்கிறது, நேற்றைக்கு அதுவும் இல்லை. படத்துக்குத் திரும்புகிறேன். கேட்டின் சிவப்பு வெள்ளைக் கம்பம் படத்தின் நடுவில் குறுக்கே போகிறது, பெரிதாகப் பார்த்தால் அழகு, சின்னதாக்கினால் படத்தை யாரோ வேண்டாம் என்று கோடு போட்டு அடித்த மாதிரி இருக்கிறது. கம்பத்தைக் கீழே இறக்குகிறேன். இப்போது வானம் காலியாகக் கிடக்கிறது. மஞ்சள் ஹெல்மெட்டைப் பெரிதாக்குகிறேன், கூட்டத்திலிருந்து முன்னே கொண்டுவருகிறேன், ஃபௌசியா பார்த்தால் தெரிந்துகொள்ள வேண்டுமே, கறுப்பு டேப்பையும் தடிமனாக்குகிறேன். சின்னதாக்கினால் ஒரு எலுமிச்சம்பழம், அதில் ஒரு கறுப்புப் புள்ளி. ஊறுகாய் கேம் என்று நினைப்பார்கள். பின்னாலிருக்கிற ஆட்டோவை எடுத்துவிடுகிறேன், பால் வண்டியை எடுத்துவிடுகிறேன், வேர்க்கடலைக்காரரை எடுக்கக் கை வரவில்லை, எடுக்கிறேன். பேரைத் தடியாக்குகிறேன், கேட் என்று இரண்டே எழுத்துதான், அது ஒரு வசதி. கடைப் பக்கம் மாதிரியே ஒன்று செய்து வைத்திருக்கிறேன், மற்றவர்களின் கேம் படங்களை எடுத்து வரிசையாக அடுக்கி, நடுவில் என்னுடையதையும் சொருகி, வரிசையை எந்திரம் தானாகக் கலைத்துவிடும், நான் கட்டைவிரலால் தள்ளிப் பார்க்க வேண்டும். தள்ளுகிறேன். வாள், டிராகன், கண்ணை உருட்டுகிற பூனை, விண்கலம், ஒரு பெண்ணின் அலறல், காளான், மறுபடி வாள். முடிந்துவிட்டது. என்னுடையது எங்கே? சொருக மறந்துவிட்டேனா என்று மேலே போய்ப் பார்க்கிறேன். இருக்கிறது, பூனைக்கும் விண்கலத்துக்கும் நடுவில் இருக்கிறது, நான்தான் தாண்டிப் போயிருக்கிறேன். என் படம், நான் வரைந்தது, வருஷக்கணக்காக வரைந்தது, என் கண்ணே அதன்மேல் நிற்கவில்லை.

அப்படித்தான் அன்றைக்கும் நடந்தது. இதை நினைக்கக் கூடாது என்று வைத்திருந்தேன். போன வருஷம், லீவுக்கு வந்திருக்கிறாள் என்றுகூட எனக்குத் தெரியாது, சூப்பர்மார்க்கெட்டில் பில் போடுகிற வரிசையில் நான் கறிவேப்பிலையும் பிரெட்டும் வைத்துக்கொண்டு நிற்கிறேன், எதிரே ஃபௌசியா தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறாள், வண்டிக்குள் குழந்தை உட்கார்ந்திருக்கிறது, அவள் முகம் கொஞ்சம் உருண்டு நன்றாக இருந்தாள். அவள் கண் என்மேல் வந்தது. வந்தது, போனது. என் தோளைத் தாண்டி பிஸ்கட் அடுக்குக்குப் போய்விட்டது. நான் கையைத் தூக்கினேன், பாதி வரை தூக்கினேன், பாதியில் அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டேன். ஏன் கூப்பிடவில்லை? ஃபௌசி என்று ஒரு சொல், வாயில்தான் இருந்தது. அவள் பார்த்துவிட்டுத்தான் போனாள் என்றால் கூப்பிடுவது அவளுக்குத் தொந்தரவு. பார்க்கவே இல்லை என்றால் பரவாயில்லை, கூட்டம், குழந்தை, அவசரம், யாருக்கும் நடக்கிறதுதான். பார்த்தாள், பார்த்தும் யாரென்று தெரியவில்லை என்றால்? அங்கேதான் மாட்டிக்கொள்கிறேன், ஒவ்வொரு தடவையும் இதே இடம். பார்க்காமல் இருந்திருக்கலாம், பார்த்து ஒதுங்கியிருக்கலாம், இரண்டில் எதுவானாலும் தாங்கிக்கொள்வேன், ஆனால் முழுசாகப் பார்த்தும் நான் யாருமாக இல்லாமல் இருந்திருந்தால்? தலையில் நரை வந்துவிட்டது, டை அடிப்பதை விட்டுவிட்டேன், வீட்டிலேயே வேலை என்றான பிறகு யாருக்காக அடிப்பது, கண்ணுக்குக் கீழே தொங்குகிறது, உடம்பு குறுகிவிட்டது. நான் இப்போது பார்க்க எப்படி இருக்கிறேன் என்று சொல்ல ஆளில்லை. தனியாக இருப்பதில் மற்றதெல்லாம் பழகிவிடுகிறது, ஒரு டம்ளர் அரிசி வைப்பது பழகிவிடுகிறது, காய்ச்சலில் தானே எழுந்து கஞ்சி வைப்பது பழகிவிடுகிறது, இதுதான் பழகவில்லை. ஒருவேளை நான் சின்னதாக்கினால் காணாமல் போகிற ஆளாக இருக்கலாம். அருகில் வந்து உட்கார்ந்து பார்த்தால் பித்தான் நூல்வரை தெரியும், ஆனால் யாருக்கு அவ்வளவு நேரம் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை அவள் விரல் வரும், என் படத்தின்மேல் வரும், அந்தப் பிஸ்கட் அடுக்குக்குப் போன மாதிரி அடுத்த டிராகனுக்குப் போய்விடும். அப்போது கூட்டம் அவசரம் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியிருக்காது. எனக்கு அது தெரியப் போவதுமில்லை, தெரியாமலேயே நான் மறுபடி நின்றுகொண்டிருப்பேன்.

“ஏஞ் சுகிர்தா! ட்யாங்கு ரொம்பி வாசலெல்லாம் தண்ணி! காது கேக்குதா இல்லியா?” ஐயோ. எழுந்து ஓடுகிறேன், கால் மரத்துப்போயிருக்கிறது, மொட்டைமாடிக் கதவின் தாழ்ப்பாள் வெயிலில் சுடுகிறது. டேங்கின் விளிம்பில் தண்ணீர் வழிந்து தரை முழுக்க மினுங்குகிறது, அக்கா கீழே மோட்டாரை நிறுத்திவிட்டார், இனி செய்ய ஒன்றுமில்லை, என் செருப்பு நனைகிறது, அவ்வளவுதான். “மன்னிச்சுக்கோங்க அக்கா” என்று கைப்பிடிச் சுவரில் எட்டிச் சொல்கிறேன். “போச்சாது போ, பரவால்ல. ஞாயித்துக்கெழமையும் அந்தப் பொட்டியவே கட்டிட்டு அழுவு” என்கிறார். வெயில் சாய ஆரம்பித்திருக்கிறது. மேலேயிருந்து பார்த்தால் தெரு நீளமாக, ஆட்கள் நகத்தளவில். தெருக்கோடியில் ஒரு பெண் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று பச்சைத் துப்பட்டாவால் முகத்தைச் சுற்றுகிறாள், தலைக்கு மேல் ஒரு சுற்று, மூக்குக்குக் குறுக்கே ஒரு சுற்று, பிடரியில் செருகல், நம் ஊர்ப் பெண்கள் வெயிலுக்கும் புகைக்கும் கட்டிக்கொள்கிற கட்டு. எதிர்வீட்டு நர்சிங் படிக்கிற பெண் வளர்மதி. சட்டென்று தெரிந்தது, வளர்மதிதான். எப்படித் தெரிந்தது? முகம் மூடியிருக்கிறது. நகத்தளவு இருக்கிறாள். பித்தான் தெரியவில்லை, மூக்கு தெரியவில்லை, ஒன்றுமே தெரியவில்லை, ஆனாலும் அவள்தான், அந்தப் பச்சை, அந்தச் சுற்று, அந்தத் தலைச் சாய்ப்பு. ஈரச் செருப்போடு அங்கேயே நிற்கிறேன். பேக்கரியில் ஒரு நாள் ஃபௌசியா சொன்னது, எங்கே போயிருந்தது இத்தனை நாள், பப்ஸைப் பிட்டுக்கொண்டே சொன்னாள், “மொதல்ல எனக்கு உன்னத் தெரியாதுடி. தெனம் அந்தப் பக்கம் ஒரு கொள்ளைக்காரி நிப்பா, கத்திரிப்பூக் கலர்ல மூஞ்சியச் சுத்திக்கிட்டு. ரெண்டு கண்ணு மட்டும் ரயில மொறச்சுக்கிட்டு இருக்கும். நீ வராத அன்னிக்கெல்லாம் எனக்குத்தான் லேட் ஆயிட்ட மாதிரி இருக்கும்.” நான் சிரித்தேன் அன்றைக்கு. மஞ்சள் ஹெல்மெட்டை நான் எத்தனை விதமாக வரைந்திருக்கிறேன், எவ்வளவு பெரிதாக்கியிருக்கிறேன், இதோ உன் ஹெல்மெட், இதோ டேப், தெரியவில்லையா என்று. தலையில் மாட்டியிருக்கிற ஹெல்மெட் மாட்டியவள் கண்ணுக்கு எப்படித் தெரியும்? அது நான் பார்த்தது. என் பக்கத்தில் நின்று நான் பார்த்ததையே இத்தனை வருஷமும் வரைந்திருக்கிறேன். அவள் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரிவது ஹெல்மெட் இல்லை.

கத்திரிப்பூத் துப்பட்டா இருக்கிறதா என்பதே சந்தேகம். அலமாரியில் இல்லை, பெட்டியில் இல்லை, கடைசியில் தையல் மிஷின்மேல் கிடக்கிறது, தூசி படியாமல் இருக்க நான்தான் போர்த்தி வைத்திருக்கிறேன். உதறினால் தும்மல் வருகிறது. நிறம் கொஞ்சம் மங்கியிருக்கிறது, மடிப்புக்குள்ளே அப்படியே இருக்கிறது. கண்ணாடி முன்னால் நின்று சுற்றுகிறேன். வண்டி ஓட்டியே ரொம்ப நாளாகிவிட்டது, கீழே அது டயர் காற்றிறங்கிக் கிடக்கிறது, ஆனால் கைக்கு மறக்கவில்லை, தலைக்கு மேல், மூக்குக்குக் குறுக்கே, பிடரியில் செருகல். நரை உள்ளே போய்விட்டது. தொங்குகிற சதை உள்ளே போய்விட்டது. கண் மட்டும் மிச்சம். என் கண்ணை நான் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை, பல் தேய்க்கும்போது பார்ப்பதெல்லாம் பார்ப்பதா. முறைக்கிறது, அவள் சொன்னது சரிதான், நான் சும்மா இருந்தாலும் முறைக்கிற மாதிரிதான் இருக்கிறது, அந்த முறைப்புக்குள்ளே யாராவது என்னைப் பார்த்துவிட மாட்டார்களா என்கிற ஒரு கெஞ்சல் வேறு இருக்கிறது, அது அப்போதே இருந்ததா இப்போது வந்ததா தெரியவில்லை. அழுகை வருகிறது. துப்பட்டாவோடேயே போய் உட்கார்ந்து பேனாவை எடுக்கிறேன். பழைய படத்தை மூடிவிட்டுப் புதிதாக. வானம் வேண்டாம், கூட்டம் வேண்டாம், தண்டவாளம்கூட வேண்டாம். கேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவள், முகம் முழுக்கக் கத்திரிப்பூ, நடுவில் ஒரு கீற்று, அதில் இரண்டு கண். கழுத்துக்குக் கீழே சிவப்பு வெள்ளைக் கம்பம், குறுக்கே, இப்போது அது எதையும் அடித்துவிடவில்லை, அவளை நிறுத்தி வைத்திருக்கிறது. பின்னால் வெறும் மஞ்சள், அந்த ஹெல்மெட் மஞ்சள், அதை விட மனசில்லை. கம்பத்துக்கு மேல் ஒரு கை. பாதி தூக்கிய கை, அதை என்ன செய்வதென்று இப்போதும் தெரியவில்லை, வரைந்து பார்க்கிறேன், தலைமுடிக்குக் கொண்டுபோகாமல் மேலே கொண்டுபோகிறேன், விரல்களை விரிக்கிறேன். இரண்டு பேர் ஒரு வண்டியில் போகும்போது பின்னால் இருக்கிறவர் திரும்புவதற்குக் காட்டுகிற கை மாதிரி இருக்கிறது. கொஞ்சம் இறக்குகிறேன். சரி. ஒவ்வொரு கோடு போட்டதும் சின்னதாக்கிப் பார்க்கிறேன், புருவத்தில் முடிமுடியாக வரைந்ததை எல்லாம் அழித்து ஒரே வீச்சாக்குகிறேன், எனக்குப் பிடித்ததாக எதையாவது செய்தால் அதை உடனே எடுத்துவிடுகிறேன், அதுதான் சின்னப் படத்தின் சட்டம் போலிருக்கிறது. சன்னலில் வெளிச்சம் மஞ்சளாகிச் சுவரில் ஏறுகிறது.

வரிசையில் சொருகிக் கலைக்கிறேன். கட்டைவிரலால் தள்ளுகிறேன், வேண்டுமென்றே வேகமாக, அக்கறை இல்லாத ஆள் மாதிரி. காளான், வாள், விண்கலம், அலறல், டிராகன், நின்றுவிட்டது. விரல் நின்றுவிட்டது. தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய இடத்திலிருந்து யாரோ என்னைப் பார்க்கிறார்கள். இவளை எனக்குத் தெரியும் என்று தோன்றிய பிறகுதான் அது நான் என்று தோன்றியது. அனுப்பிவிட்டு, முகத்துத் துணியை அவிழ்க்காமலே உட்கார்ந்திருக்கிறேன். ஜெரால்டு உடனே கூப்பிடுகிறார். “மேடம், இது! இதான் மேடம்! மூஞ்சிய மூடி மூஞ்சி போட்டுட்டீங்களே! நான் போன தூக்கி அந்தாண்ட வச்சுப் பாத்தேன், அங்கேர்ந்தும் மொறைக்குது. ஏத்திர்றேன்.” சரிங்க என்கிறேன். “ஒரே ஒரு டவுட்டு. யாரு மேடம் இவங்க? நானும் முழுசா விளையாடிட்டேன், இவங்கள எங்கயும் பாக்கலியே. அட்டையில இருக்கறவங்க உள்ள இல்லன்னா ஜனங்க ஏமாத்திட்டாங்கன்னு திட்டுவாங்க.” உள்ளே இல்லைதான். ஆட்டோக்காரர் இருக்கிறார், பால்காரர் இருக்கிறார், வேர்க்கடலைக்காரருக்கு இரண்டு பாட்டுகூட இருக்கிறது, மஞ்சள் ஹெல்மெட் தினமும் வருகிறது, வந்து கேட்கிறது, அந்தப் பக்கம் ஒருத்தங்க நிப்பாங்களே. அந்தப் பக்கம். நீ வராத அன்னிக்கெல்லாம். ஃபௌசி, என்னைத்தான் கேட்டாயா? காத்திருப்பு, வாழ்க்கை என்று நான் என்னென்னவோ நினைத்துக்கொண்டு, நீ என்னைக் கேட்டு எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய், நான் ஒவ்வொரு நாளும் அந்த வயசான மனுஷனை எட்டிப் பார்க்கச் சொல்லி, இல்லை, வரவில்லை என்று சொல்லவைத்திருக்கிறேன். “மேடம், லைன்ல இருக்கீங்களா?” இருக்கிறேன். “இருக்காங்க, ஜெரால்டு” என்கிறேன், துணிக்குள்ளே குரல் வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது, “உள்ள இருக்காங்க. நாளைக்கு நீங்க பாக்கலாம்.” வைத்துவிட்டு, பேச்சு எல்லாம் இருக்கிற கோப்பைத் திறக்கிறேன். மஞ்சள் ஹெல்மெட்டின் கேள்வியைத் தொடவில்லை, அது அவள் எழுதியது. அதன் கீழே கேட் கீப்பரின் பதில், இன்னும் வரலம்மா. அதை அழித்துவிட்டு, கீழே சரோஜினி அக்கா வாசலில் தேங்கிய தண்ணீரை விளக்குமாற்றால் தள்ளுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, எழுதுகிறேன். அவங்க வந்து ரொம்ப நேரமாச்சும்மா.